சென்னையில் வாடகை வீடு: ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு

சென்னைக்கு வேலைக்கு வரும் சொந்தக்காரப் பையன்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, எந்த ஏரியா நல்ல ஏரியா?" அதற்கு நான் பதில் சொல்வதில்லை. "ஆபீஸ் எங்கடா?" என்று திருப்பிக் கேட்பேன். அடுத்து, "வாடகைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?" அதற்கும் அடுத்து, "டிசம்பர் மாசம் ஊருக்குப் போயிருவியா, இங்கதான் இருப்பியா?" மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். முதல் டிசம்பர் முடிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பதினான்கு வருடம் ஆகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன், மடிப்பாக்கம், பழவந்தாங்கல், பெரும்பாக்கம் என்று சுற்றிவிட்டு இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறேன். ஐந்து இடம், மூன்று தரகர்கள், ஒரு வெள்ளம், இன்றுவரை திரும்பி வராத கொஞ்சம் அட்வான்ஸ் பணம். இந்த வழிகாட்டி அந்தச் செலவில் எழுதியது.

முதல் மாதம் வீடு பிடிக்காதீர்கள்

ஊரில் இருந்துகொண்டே செயலியில் படம் பார்த்து வீடு முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். முதல் மாதம் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு பிஜி விடுதியிலோ, நண்பன் அறையிலோ, தனி ஆள் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ பெட்டியை வையுங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரு மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மாத விடுதிச் செலவு வீண் என்று தோன்றும். அவசரத்தில் பிடித்த வீட்டை நான்காவது மாதம் காலி செய்தால் தரகர் கமிஷன், குட்டி யானை வாடகை, பெயிண்டிங் என்று அட்வான்ஸில் கழிப்பது எல்லாம் சேர்ந்து அதைவிட அதிகமாகவே போகும்.

அந்த மாதத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் நினைத்திருக்கும் ஏரியாவிலிருந்து ஆபீசுக்கு ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்பிப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் இருபது நிமிடத்தில் போன தூரம், திங்கட்கிழமை மத்திய கைலாஷ் சந்திப்பிலோ சோழிங்கநல்லூர் சிக்னலிலோ வேறு ஊராகத் தெரியும். சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. "அரை மணி நேரம், டிராஃபிக் இல்லைன்னா" என்பார்கள். அந்த "இல்லைன்னா"வைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும்.

ஆபீஸ் இருக்கும் வழித்தடம்

இந்த நகரத்தை ஏரியாக்களாகப் பார்க்காமல் கோடுகளாகப் பாருங்கள். ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் அதை ஒட்டியே ஓடும் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலும் ஒரு கோடு. தரமணி டைடல் பார்க்கில் தொடங்கி பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று இறங்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு கோடு. பரங்கிமலை–போரூர்–பூந்தமல்லி சாலை இன்னொன்று. சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் ரயில் பாதை வேறொன்று. உங்கள் ஆபீஸ் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதே கோட்டில் வீடு பாருங்கள். கோட்டைவிட்டுக் கோடு தாண்டிப் போகிற வாழ்க்கைதான் இங்கே ஆளைத் தின்னும். நான் பழவந்தாங்கலில் வீடும் காரப்பாக்கத்தில் வேலையுமாக இரண்டு வருடம் ஓட்டினேன். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் அப்போது எனக்குத் தெரியாத பள்ளம் இல்லை.

ஓஎம்ஆரில் வேலை என்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். பெருங்குடியைத் தாண்டினால் அந்தச் சாலைக்கு மின்சார ரயில் கிடையாது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை, சுமார் 119 கிலோமீட்டருக்கு மூன்று வழித்தடங்களில் நடக்கிறது; மாதவரம்–சிப்காட் தடம் ஓஎம்ஆர் வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்காரர்களும் தரகர்களும் "மெட்ரோ வந்துரும் சார்" என்று சொல்லி இப்போதே வாடகையை ஏற்றுவார்கள். உங்கள் 11 மாத ஒப்பந்தத்துக்குள் அதில் ஏறிப் போக முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். ஓடாத ரயிலுக்கு வாடகை கொடுக்காதீர்கள்.

ரயில் கோட்டில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். சீசன் டிக்கெட் மலிவு. பெண்களுக்கு 2021 மே முதல் மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பயணம் இலவசம். பக்கத்து நிறுத்தத்தில் அந்த வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்று பார்த்தால் மாதச் செலவில் நல்ல தொகை மிச்சமாகும். இரவு ஷிப்ட் இருக்கிறவர்கள் ஆபீஸ் கேப் எந்த எல்லைவரை வரும் என்று எச்ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். "எல்லைக்கு அரைக் கிலோமீட்டர் வெளியே" என்று வீடு பிடித்து, நடுராத்திரியில் மெயின் ரோட்டில் இறங்கி நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஊருக்குப் போகும் வழி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மாதம் இரண்டு முறை திருநெல்வேலிக்கோ திண்டுக்கல்லுக்கோ போகிறவர் கொளத்தூரில் வீடு பிடித்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரத்தைக் குறுக்கே கடப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். எங்கள் ஊர்க்காரர்கள் தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று அடர்ந்து கிடப்பதற்கு மனை விலை மட்டும் காரணம் இல்லை.

தண்ணீர், இரண்டு விதமாக

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சென்னையில் வீட்டைத் தீர்மானிப்பது தண்ணீர். கோடையில் வர வேண்டிய தண்ணீர், மழையில் வரக் கூடாத தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

முதலில் மழைத் தண்ணீர். இங்கே வடகிழக்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை. நீங்கள் ஏப்ரலில் வீடு பார்த்தால் எல்லாத் தெருவும் காய்ந்து, அழகாக, புழுதியாக இருக்கும். எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டால் "நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்காது" என்பார். தெருமுனை டீக்கடைக்காரரிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். கேள்வியும் முக்கியம். "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றுதான் வரும். "பதினஞ்சுல எவ்வளவு நின்னுச்சு? இருபத்திமூணுல எவ்வளவு நின்னுச்சு?" என்று கேளுங்கள். கையைத் தானாக முழங்காலிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டுவார்கள்.

ஏன் இரண்டு வருடத்தையும் கேட்க வேண்டும்? 2015 டிசம்பர் 1 இரவு நடந்தது பெரும்பாலும் ஆற்று வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் முழுக்க மூழ்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வேறு மாதிரி. பெய்த மழை வடிய வழியில்லாமல் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் நின்றது. முதலாவதில் தப்பிய தெரு இரண்டாவதில் சிக்கியிருக்கலாம். இரண்டிலும் தப்பிய தெரு கிடைத்தால் மழை மாதங்களில் நிம்மதியாகத் தூங்கலாம்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் முப்பது சொச்சம் ஏரிகளின் உபரித் தண்ணீர் அந்தத் தாழ்வை நோக்கித்தான் வருகிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரியாவில் வீடே எடுக்கக் கூடாதா என்றால், எடுக்கலாம். ரயில் இருக்கிறது, கடைகண்ணி இருக்கிறது, ஓஎம்ஆருக்கும் பக்கம். இரண்டாவது மாடிக்கு மேல் எடுங்கள். லிஃப்ட் மோட்டாரும் மின்சார மீட்டரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். மீட்டர் தரையிலிருந்து இரண்டு அடியில் இருந்தால், நீங்கள் எந்த மாடியில் இருந்தாலும் உங்களுக்கு மின்சாரம் கிடையாது.

ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் கொஞ்சம் துப்புத் தரும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று முடிவதில் உள்ள தாங்கல், சிற்றேரி. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஏரி இருக்காது. 1920-களில் தூர்த்து தியாகராய நகர் ஆக்கிய அந்த நீண்ட ஏரியின் கரை அது. நுங்கம்பாக்கத்திலும் 'லேக் ஏரியா' இருக்கிறது, ஏரி இல்லை. பெயரைப் பார்த்து மட்டும் பயந்து ஓட வேண்டாம். நான் மூன்று வருடம் இருந்த பழவந்தாங்கல் தெருவில் செருப்பு நனைகிற அளவுக்குக்கூட நின்றதில்லை. விசாரிக்கச் சொல்கிறது பெயர், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டியவையும் உண்டு. சாலை மட்டத்தைவிட வீடு தாழ்ந்திருக்கிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில், இருபது வருட வீடுகள் பல படி இறங்கிப் போகிற மாதிரி ஆகிவிட்டன. வாசலில் திடீரென்று ஒரு அடி உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்புக் கட்டியிருந்தால் அதன் காரணத்தைக் கேளுங்கள். சுற்றுச்சுவரில் ஒரே மட்டமாகக் கறைக்கோடு ஓடினால் கேட்கவே வேண்டியதில்லை. மடிப்பாக்கத்தில் நான் பிடித்த தரைத்தள வீட்டுச் சுவருக்கு இடுப்புவரை மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். "பார்க்க லட்சணமா இருக்குல்ல" என்றார் தரகர். நானும் ஆமாம் என்றேன். 2015 டிசம்பரில் அந்த டைல்ஸ் எதற்கு என்று புரிந்தது.

இனி குடி, குளிக்கும் தண்ணீர். பழைய நகரத்தில் தெருவில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) குழாய் உண்டு. 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் பல இடங்களில் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால்தான் மெதுவாக வருகின்றன. அங்கே போர்த் தண்ணீர், அது வற்றினால் லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரிகள் நான்கும் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அதற்குப் பிறகு 2024-ல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் இரண்டாவது கடல்நீர் ஆலை வந்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீர் நீங்கள் பார்க்கும் கட்டடத்தின் சம்ப்புக்குள் (தரைக்கடித் தொட்டி) விழுகிறதா என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒரு முறை? போர் எத்தனை அடி? போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள், அந்தக் காசை யார் கொடுத்தது? கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. மெயின்டனன்ஸ் மாதம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, கோடையில் லாரிச் செலவைத் தனியாகப் பங்கு போடும் அசோசியேஷன்கள் உண்டு. வாட்ச்மேன் உண்மையைச் சொல்வார். தெருவுக்குக் கேன் போடும் பையன் அதைவிடத் துல்லியமாகச் சொல்வான்.

போர்த் தண்ணீரின் தரத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். குளியலறைக் குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பு. வாளியிலும் டைல்ஸிலும் மஞ்சளோ செம்மண் நிறமோ ஏறியிருந்தால் இரும்பு. கொஞ்சம் சோப்பு எடுத்துக் கைகழுவிப் பாருங்கள், நுரை வருகிறதா என்று தெரிந்துவிடும். ஓஎம்ஆர் பக்கம் பல இடங்களில் உப்புதான். ஹீட்டர் காயில் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷின் அடைக்கும். முடி கொட்டுகிறது என்று எல்லோரும் தண்ணீரைத்தான் திட்டுவார்கள்.

எப்போது தேடுவது, எப்படித் தேடுவது

ஆடி மாதத்திலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் இறங்கி வருவார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை என்றால் ஆடியில் பேரம் பேசுங்கள், வாடகையில் ஐநூறு ஆயிரம் குறையும். மே, ஜூனில் பள்ளி திறப்பை ஒட்டி அலைமோதும். அப்போது பேரம் எடுபடாது. மழைக்காலத்தில் தேடுவது தொல்லைதான், ஆனால் தெரு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இதேபோல, தெற்குப் பார்த்த வாசலைப் பலர் வேண்டாம் என்பார்கள். அதனாலேயே அந்த வீடுகள் நாள்பட காலியாகக் கிடக்கும். காற்றுக்கு அவை மோசமில்லை. எங்கள் இப்போதைய வீடு தெற்கு வாசல்தான். என் மாமியார் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவர்தான்.

செயலிகளில் தேடுங்கள், ஆனால் தெருவில் நடக்கவும் செய்யுங்கள். நல்ல வீடுகள் பல, கேட்டில் தொங்கும் 'டு லெட்' அட்டையோடு முடிந்துவிடும், இணையத்துக்கே வராது. ஏரியா மளிகைக்கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் தரகர் இல்லாமலே தகவல் வரும். தரகர் வழி என்றால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது இங்கே வழக்கம். சாவி கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கும் முன் எந்தக் காசும் அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்துல இருக்கேன், மாற்றலாகிப் போயிட்டேன், டோக்கன் அனுப்பினா சாவி அனுப்புறேன்" என்று இனிமையாகப் பேசுகிறவர்கள் திருடர்கள். வாடகை சந்தை விலையில் பாதியாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். ஊரில் ஒத்தி என்று நாம் சொல்வதை இங்கே லீஸ் என்பார்கள்: மொத்தமாகச் சில லட்சம் கொடுத்தால் மாத வாடகை இல்லை. புதிதாக வருகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை கட்டாமல் விட்டால் வங்கி வந்து நிற்கும். நடுவில் ஒரு கம்பெனி புகுந்து உங்களிடம் லட்சத்தையும் வாங்கிக்கொண்டு ஓனருக்கு வாடகை கட்டாமல் ஓடிய கதைகளும் நடந்திருக்கின்றன.

வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

இதை யாரும் எழுதுவதில்லை. வீடு பார்க்கப் போனால் வீடும் உங்களைப் பார்க்கும். "பேச்சிலரா? ஃபேமிலிக்கு மட்டும்தான்." "நான்வெஜ் சமைப்பீங்களா?" கொஞ்சம் தயங்கி, "நீங்க என்ன ஆளுங்க?" ஊரில் இருக்கிற கேள்விதான், இங்கே நாசூக்காக வரும். என் நண்பன் ஒருவன் பெயரைச் சொன்னதும், அதுவரை காலியாக இருந்த மூன்று வீடுகள் "நேத்துதான் பேசி முடிச்சுட்டோம்" ஆகிவிட்டன. அவன் முஸ்லிம். நல்ல சம்பளம், இரண்டு குழந்தைகள். நாலாவது வீட்டுக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆதார் நகலையும் அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

இதற்கு என்னிடம் தீர்வு இல்லை, அலைச்சலைக் குறைக்கும் வழி மட்டும் இருக்கிறது. போனிலேயே உங்கள் பெயர், எத்தனை பேர், அசைவம் சமைப்போம் என்று சொல்லிவிடுங்கள். மறுப்பதாக இருந்தால் அங்கேயே மறுக்கட்டும், ஆட்டோ காசு மிச்சம். பொய் சொல்லிக் குடிபோனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் பொரிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் மேல்மாடியிலேயே இருக்கும் தனி வீடுகளில்தான் இந்தக் கேள்விகள் அதிகம். பெரிய அடுக்குமாடிகளில், ஓனர் வெளிநாட்டில் இருந்தால், குறைவு. தனியாக வரும் பெண்கள் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், சாவி ஒன்று தருவார்களா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள். அந்தத் தெருவை இரவு ஒன்பதரைக்கு ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள்ளே

இரண்டு முறை பாருங்கள், பகலில் ஒன்று, ராத்திரி ஒன்று. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் கத்திரி வெயிலில் இரவு பத்து மணிக்கும் கூரை அனல் கக்கும். ஏசி கரண்டு பில்லை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் கொசுவும் மழையும். முடிந்தால் நடுமாடி. குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள், கழிவறையில் ஃப்ளஷ் அழுத்திப் பாருங்கள். செப்டிக் டேங்க் என்றால் லாரி எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, செலவு யாருடையது? போனை எடுத்து ஒவ்வொரு அறையிலும் சிக்னல் பாருங்கள். பைக் எங்கே நிற்கும், மழையில் நனையுமா என்பதைக் கையால் காட்டச் சொல்லுங்கள். துரைப்பாக்கம், பெருங்குடிப் பக்கம் என்றால் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் வாடை காற்று திரும்பும்போது வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்; வடக்கே கொடுங்கையூருக்கும் இதே கேள்வி.

காலி செய்துகொண்டிருப்பவர் வீட்டில் இருந்தால், அவரைத் தனியாகப் பிடித்து "ஏங்க காலி பண்றீங்க?" என்று கேளுங்கள். தரகர் கூடவே நிற்பார். அவரை ஒரு டீ குடிக்க அனுப்புங்கள்.

கரண்டு மீட்டர்

தனி மீட்டரா, சப் மீட்டரா? வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் என்றால் அது உங்களுக்கு. ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்கும் வீடுகளில் அந்த இலவசம் ஓனருக்குப் போகும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் கூடிவிடும் என்பதால், இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இருவருக்குமே நஷ்டம். வாடகை ஆயிரம் குறைவு என்று சப் மீட்டர் வீட்டுக்குப் போய், கோடையில் அந்த ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான். ஓனர் தரும் பில்லில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்; வீடு உண்மையிலேயே அவருடையதுதானா என்பதற்கு, சொத்துவரி ரசீதோடு சேர்த்து, இது ஒரு சான்று.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

சென்னையின் பழைய வழக்கம் பத்து மாத வாடகை அட்வான்ஸ். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஐந்தும் ஆறும் பத்தும் இன்னும் வருகின்றன. மூன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். தொகையை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். "வீட்டு வாடகை முன்பணம்" என்று குறிப்பில் எழுதுங்கள்.

அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே பதியலாம். பல வீட்டுக்காரர்கள் "அதெல்லாம் எதுக்குப்பா, பதினோரு மாசத்துக்கு ஒரு பேப்பர் போட்டுக்கலாம்" என்பார்கள். முடிந்தவரை பதியச் சொல்லுங்கள். முடியாவிட்டால், பத்திரத்தில் இவையாவது இருக்கட்டும்: வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், காலி செய்ய எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும், மெயின்டனன்ஸில் எது அடக்கம், கோடை லாரித் தண்ணீர் யார் தலையில், பெயிண்டிங்குக்கு எவ்வளவு கழிப்பார்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே எழுதாத சட்டம். எழுதி வாங்கினால் ஒரு மாதத்தோடு நிற்கும். என் கையில் எழுத்து இல்லாததால், ஆணி அடித்த ஓட்டை, தேய்ந்த தாழ்ப்பாள் என்று கணக்கு நீண்டது.

வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டி, நீங்கள் பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படிக்குக் கழிவு கேட்கப் போகிறீர்கள் என்றால் ஓனரின் பான் எண் வேண்டும். தருவாரா என்பதை முன்பே கேளுங்கள். மார்ச் மாதத்தில் கேட்டால் அவர் ஊரில் இருக்க மாட்டார்.

குடிபோகும் நாள்

பால் காய்ச்சுவதற்கு ஒரு நல்ல நாள் பார்ப்பீர்கள். அதற்கு முந்தின நாளே காலி வீட்டுக்குப் போய், சுவர், கதவு, குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் தேதியோடு வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். மீட்டர் எண்ணையும் படமெடுங்கள். பழைய குடித்தனக்காரரின் பாக்கி பில் உங்கள் தலையில் விழாது. சாமான் குறைவென்றால் ஒரு குட்டி யானை போதும். மாடிக்கு ஏற்றும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். பேசாவிட்டால் வாசலில் பீரோவை இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சம்ப் மோட்டார் சுவிட்ச் எங்கே, யார் போடுவது, டேங்க் நிரம்பினால் எப்படித் தெரியும் என்பதையும் அன்றே கேளுங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் இதற்கு ஒரு தனி அரசியல் உண்டு. முதல் வாரம் வாயைத் திறக்காமல் கவனியுங்கள்.

கடைசியாக, காலி செய்வது பற்றி. குடிபோகும் நாளில் யாரும் இதை யோசிப்பதில்லை. சட்டம் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. நடைமுறையில், அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்துதான் உங்களுக்கு வரும். அதனால் "கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கு ஆள் தேவைப்படும் அந்த நேரத்தில் பாதிப் பேர் சேர்த்தும் விடுவார்கள். இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுப் பத்திரத்தில் அந்த வரி ஏழாவதாக இருக்கிறது. ஓனர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.